அசையாமல் நின்ற அரை நிமிடம்

ஹிக்கரி ஓடைப் பாலத்தில் வண்டி ஏறினால் பலகை தடதடக்கும். எங்கள் ஆட்களின் வண்டி என்றால் ஒரு தரம். எந்தப் பலகை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும், ஒதுங்கி ஏறுவோம். இரண்டு தரம் தடதடத்தால் வெளியூர் வண்டி. அந்தச் சத்தம் கேட்டதும் டெல்ஃபி அத்தை அடுப்பில் கொதிக்கும் பீன்ஸ் பானையில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவாள். யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்க மாட்டாள்.

"வந்துட்டாங்க" என்பாள், அவ்வளவுதான். மழை வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக, ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தான். முதுகில் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தின் பெட்டியைத் தொங்கவிட்டபடி இறங்குவார்கள். வராந்தாப் படியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "இதே வராந்தாதானே? மான்ஃபர்ட் உட்கார்ந்து வாசிச்ச நாற்காலி இருக்கா?" என்று கேட்பார்கள். மான்ஃபர்ட், அத்தையின் மாமனார். சுரங்கத்தில் முப்பது வருஷம் கரி வெட்டியவர். 1964 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து பெர்னார்ட் கெஸ்லர் என்று ஒருவர் வந்து, மாமனாரின் பாட்டையும் அந்த வீட்டின் அன்றாடத்தையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம்கூட ஓடாத படம். அதை உலகத்தில் எந்தெந்த ஊரிலோ போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்தவர்களில் சிலருக்கு எங்கள் ஓடைவரை வந்தே தீர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

அத்தையும் அந்தப் படத்தில் இருக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்து பச்சை பீன்ஸை ஊசியில் கோத்துக் காயப்போடுகிறாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"ஒரு நிமிஷம் அதே மாதிரி உட்கார முடியுமா அம்மா? கையில கொஞ்சம் பீன்ஸ் வச்சுக்கிட்டு?" போன கோடையில் தாடிக்காரன் ஒருவன் கேட்டான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நான் டப்பா பீன்ஸ்தான் வாங்கறேன் தம்பி. டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு உட்காரவா?"

அவன் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. உள்ளே போய் நூலும் ஊசியும் எடுத்துவந்து, தோட்டத்தில் கிடந்த முற்றல் பீன்ஸைப் பறித்துக் கோத்துக் காட்டினாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலைக்குக் காலை ஆறு மணிக்கே போய் வந்தவள். விரல் முட்டியெல்லாம் சலவை சோடாவில் வெந்து சிவந்திருந்தது. பிறகு சோள ரொட்டி, பீன்ஸ், நறுக்கிய வெங்காயம், மோர். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. எத்தனை அலுப்பு இருந்தாலும் கிடையாது.

அவன் இரண்டாம் தட்டு சாப்பிடும்போது அத்தை தன் கேள்வியைக் கேட்டாள். வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வி.

"கெஸ்லர் எடுத்ததுல மிச்சம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"மிச்சமா?"

"படத்துல சேக்காம வெட்டிப் போட்டது."

அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரிந்ததில்லை. அத்தை தலையை ஆட்டிக்கொண்டு தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

அவள் தேடியது டென்சிலை. அவளுடைய முதல் பிள்ளை. கெஸ்லர் வந்தபோது ஏழு மாதக் குழந்தை. மறு பிப்ரவரியில் சளி நெஞ்சில் இறங்கி, மூன்றே நாளில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. எங்கள் பக்கம் வசந்த காலத்தில் ஒரு போட்டோக்காரர் வீடு வீடாக வருவார். அந்த வருஷம் அவர் வந்தபோது குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அடுத்த வசந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தையும் அவள் புருஷன் எஸ்டில் மாமாவும் விட்டுவிட்டார்கள். பின்னால் பிறந்த இரண்டு பெண்களுக்கும் சுவர் நிறையப் போட்டோ உண்டு. இரண்டு பேரும் ஓஹையோவில் இருக்கிறார்கள். மூத்தவனுக்கு மேட்டில் ஒரு கல் மட்டும்.

கெஸ்லர் வந்த நாளைப் பற்றி அத்தை பல தடவை சொல்லியிருக்கிறாள். எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான், களைத்த குரலில்.

"அந்த மனுஷன் நல்லவர்தான். வந்ததும் வராததுமா, வராந்தால இருந்த குளிர்பெட்டியை மறைக்க முடியுமான்னு கேட்டார். எஸ்டில் சுரங்கத்துல ராத்திரி ஷிப்டு பாத்துப் பாத்து வாங்கினது, புதுசு. அது மேல என் ஒட்டுப்போர்வையைப் போட்டு மூடினோம். துணி துவைக்கிற மிஷினைப் பின்னாடி தள்ளினோம். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். எல்லாம் செஞ்சோம். விருந்தாளி கேக்கறார், என்ன பண்றது?"

மாமனார் வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். கெஸ்லரின் கேமரா சாவி முறுக்கி ஓடுகிற சாதாரண ரகம். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம்கூட ஓடாது. பாட்டைத் தனியாக ஒரு டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார். வாசிப்புக்கு நடுவே ஒருதரம் கேமராவை அத்தை பக்கம் திருப்பினார். அத்தை இடுப்பில் டென்சிலோடு வாசல்படியில் நின்றிருந்தாள்.

"எடுத்தார். எனக்குத் தெரியும், எடுத்தார். கண்ணாடிக் கண்ணு என்னையே பாத்துச்சு. அப்புறம் இவன் சிணுங்க ஆரம்பிச்சான். டேப்புல பாட்டு கெட்டுப்போகுதாம். 'குழந்தையைக் கொஞ்ச நேரம் வேற எங்கயாவது விட முடியுமா அம்மா?'ன்னார். என் தங்கச்சி ராக்ஸி தூக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் பொழுது சாயறவரைக்கும் பீன்ஸ் கோத்தேன்."

மூன்று வருஷம் கழித்துப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். ஓடைக்கரை ஊரே திரண்டு போனது. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாமனார் வந்தார், கோழிகள் வந்தன, ஒட்டுப்போர்வை போர்த்திய குளிர்பெட்டிகூட ஒரு மூலையில் வந்தது. டென்சில் வரவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாளாம். போட்டார்கள். அதிலும் வரவில்லை.

கெஸ்லருக்குக் கடிதம் எழுதினாள். தேடிப் பார்க்கிறேன் என்று ஒரு அட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எண்பதுகளில் அவரும் இறந்துபோனார். அந்த அட்டைக்குப் பிறகுதான் படியேறி வருகிற ஒவ்வொருவருக்கும் சோறும் அந்தக் கேள்வியும்.

இதில் ராக்ஸி அத்தையின் தொல்லை வேறு. டெல்ஃபி அத்தையின் தங்கை, ஓடைக்கு எதிர்ப்பக்கம் வீடு. வாய் ஓயாது.

"டென்சிலுக்கு மோவாயில குழி இருந்துச்சு. அப்படியே எஸ்டில் மச்சானை உரிச்சு வச்சது" என்பாள்.

"இருந்துச்சா?" என்பாள் டெல்ஃபி அத்தை.

"என்னடி கேள்வி இது? பெத்தவ நீ."

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். எஸ்டில் மாமா கரித்தூசி அடைத்த நெஞ்சோடு இறந்துபோய் ஒரு வாரம் இருக்கும். "கர்டிஸ், இந்த மனுஷன் இருந்தவரைக்கும் அவர்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்க வெக்கமா இருந்துச்சு. பிள்ளையோட முகம் எனக்கு மறந்துபோச்சுடா. குளிப்பாட்டினது ஞாபகம் இருக்கு. கனம் ஞாபகம் இருக்கு. முகம் போயிடுச்சு. குழி இருந்துச்சா இல்லையான்னு பெத்தவளுக்கே தெரியல."

ஹிக்கரி ஓடையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். என் பட்டத்தைக் கண்ணாடி போட்டு, தன் சுரங்கத் தொப்பி மாட்டியிருந்த ஆணியில் மாட்டியிருக்கிறார். தொப்பி இப்போது தரையில் கிடக்கிறது. படித்து முடித்ததும் அதே கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு கட்டமாகக் கணினியில் ஏற்றுகிற வேலை. "நாலு வருஷம் படிச்சது டேப்பு துடைக்கவா?" என்று ராக்ஸி அத்தை கேட்டாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது டேப்பு இல்லை, படச்சுருள் என்றேன். "ஓ, அப்ப சரி" என்று போய்விட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் கெஸ்லரின் மகள் தன் அப்பாவின் பெட்டிகளை எங்கள் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். நாற்பத்தொரு தகரப் பெட்டி. திறந்தால் காடி நாற்றம் மூக்கைப் பிளந்தது. பழைய சுருள்கள் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் நாறும். சுருங்கிவிடும், நெளிந்துவிடும், புரொஜெக்டரில் போட்டால் பொடிந்துவிடும். ஒரு சுருளைத் தளர்த்தி எடுக்கவே ஒரு வாரம் ஆகும். நான் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருஷமாக 'இல்லை' என்ற பதிலையே கேட்டவளிடம், 'இருக்கலாம்' என்று எப்படிச் சொல்வது?

முதல் இருபது பெட்டிகளில் வேறு மலை, வேறு ஆட்கள். கோதுமை அறுப்பவர்கள், தேவாலய வாசலில் கைகொடுப்பவர்கள், ஒரு கல்யாணம், நிறையக் கோழிகள். ஒருவர் பெயரும் எழுதி வைக்கப்படவில்லை. இவர்களையும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் வந்தால் அன்று வேலை ஓடாது. தினமும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம். கண் எரியும். வீட்டுக்கு வந்தால் என் மேல் காடி நாற்றம் வீசுகிறது என்று அம்மா தட்டை வராந்தாவுக்குக் கொண்டுவந்து தருவாள்.

முப்பத்து மூன்றாவது பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னச் சுருள் இருந்தது. மேலே பென்சிலால் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. கெஸ்லரின் கையெழுத்து: 'வீண். பெண் போஸ் கொடுக்கிறாள்.'

அந்தச் சுருளுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. கணினியில் ஓடவிட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு நொடி.

மறுநாள் அத்தை வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்துப் போனேன். ராக்ஸி அத்தை ஏற்கனவே அங்கே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து யார் வீட்டுக் கதையையோ அளந்துகொண்டிருந்தாள்.

"பட்டதாரி வந்துட்டாரு. கணினியெல்லாம் தூக்கிட்டு வந்திருக்காரு. என்னடா, கிழவிகளுக்குப் பாடம் நடத்தப் போறியா?"

"அத்தை," என்றேன் டெல்ஃபி அத்தையிடம், "மிச்சம் கிடைச்சிருக்கு."

அவள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா நீ?" என்றாள்.

"அத்தை, நான் சொன்னது..."

"காதுல விழுந்துச்சு. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

ரொட்டியைச் சுட வைத்தாள். பீன்ஸைப் பரிமாறினாள். நான் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்து மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டதில்லை. ஆனால் தட்டை மீதம் வைக்கவும் முடியாது, அந்த வீட்டில் அது மரியாதையில்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "போடு."

போட்டேன்.

வாசல்படி. படியில் இருபத்திரண்டு வயசு டெல்ஃபி. பூப்போட்ட கவுன், வெறுங்கால். இடுப்பில் குழந்தை. அவள் நிமிர்ந்து, கழுத்தை விறைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவையே பார்த்து நிற்கிறாள். அசையவே இல்லை. ஐந்து நொடி, பத்து நொடி, மரத்தில் செதுக்கியதுபோல நிற்கிறாள்.

"என்னடி இது? போட்டோவா, படமா?" என்றாள் ராக்ஸி அத்தை.

எனக்குப் புரிந்திருந்தது. அந்த வயதில் அவளுக்குத் தெரிந்த கேமரா போட்டோக்காரரின் கேமரா ஒன்றுதான். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதே, அசைஞ்சா எல்லாம் பாழ்" என்று கத்துவார். ஓடையில் எல்லோருக்கும் அது மண்டையில் ஏறியிருந்தது. அண்டை வீட்டில் டிவி பார்த்தவள்தான். இருந்தாலும் கண்ணாடிக் கண் தன் பக்கம் திரும்பியதும் உடம்பு தானாக நின்றுவிட்டது. மாமனார் பாட்டில் இருந்தார், பயமில்லை. கோழிகளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் சனங்களில் நிறையப் பேரை நான் சுருள்களில் இப்படிப் பார்த்துவிட்டேன்: கதவோரம், வேலியோரம், மூச்சுப் பிடித்து நிற்பவர்கள். அத்தனையும் 'வீண்'.

ஆனால் குழந்தை அசைந்தது. அம்மா அசையாததாலேயே அதன் அசைவு ஒவ்வொன்றும் தெரிந்தது. காலை உதைத்தான். அவள் கவுனின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் தோளில் முகத்தைத் தேய்த்தான். முகம் மட்டும் தெரியவில்லை, அந்தப் பக்கமே திரும்பியிருந்தான்.

"திரும்புடா" என்றாள் ராக்ஸி அத்தை. "டேய், இந்தப் பக்கம் திரும்பேன்டா."

இருபத்தைந்தாவது நொடியில் திரும்பினான்.

சாவி தளர்ந்து படம் தடுமாறுகிற நேரம். சிரித்தபடி வாயைப் பிளந்து, எச்சில் வழிய, நேராகப் பார்த்தான். மூன்று நொடி. பிறகு வெள்ளை.

டெல்ஃபி அத்தை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள் டெல்ஃபி அத்தை.

போட்டேன். மறுபடியும் போட்டேன். நாலாவது தடவையில் அவள் விரலை நீட்டித் திரையைத் தொட்டாள், அவன் மோவாய் இருந்த இடத்தில்.

"குழி இல்ல ராக்ஸி."

"அழறப்ப விழும்டி. சிரிக்கறப்ப எப்படித் தெரியும்?"

"இல்ல. வழவழன்னு இருக்கு. என் மோவாய்."

ராக்ஸி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும். ஆனா முடி சிவப்புதான். அதை இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் மாத்த முடியாது."

அத்தைக்கு அது காதில் விழவில்லை. அவள் இப்போது குழந்தையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"இவளைப் பாரு" என்றாள். "இவ்வளவு நேரம் நிக்கறா. குழந்தை உதைக்குது, இழுக்குது, வா வான்னுது. ஒரு தடவை குனிஞ்சு அவனைப் பாக்கறாளா? அந்த ஆளையே பாத்துக்கிட்டு நிக்கறா. யாரு அவன்? ஊரு பேரு தெரியாத ஆளு."

"அசைஞ்சா கெட்டுப்போயிடும்னு நினைச்சிருப்பீங்க அத்தை."

"ஆமா. அப்படித்தான் நினைச்சேன். இவன் படத்துல நல்லா விழணும்னுதான் நின்னேன்." மறுபடியும் திரையைப் பார்த்தாள். "நல்லாத்தான் விழுந்திருக்கான்."

காலணி கழற்றாத காலை இன்னொரு காலின் மேல் போட்டுக்கொண்டாள். முகம் அழவில்லை. வேலை முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்பவளின் முகம் அது. இனி நிற்க வேண்டாம் என்று இப்போதுதான் யாரோ சொன்னதுபோல, தோள் இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. "அந்த மூணு நொடியில நல்ல கட்டமாப் பாத்து, நிறுத்திப் பெரிசாப் போட்டோ எடுத்துத் தரேன் அத்தை. சட்டம் போட்டு மாட்டிக்கலாம். பொண்ணுங்க போட்டோ பக்கத்துல."

அவள் சுவரைப் பார்த்தாள். பெண்களின் பள்ளிக்கூடப் போட்டோக்களும், கல்யாணப் போட்டோக்களும், பேரப் பிள்ளைகளும். எல்லோரும் மூச்சுப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்டா" என்றாள். "நின்னது போதும். ஓடட்டும்."

திரும்பத் திரும்பத் தானாக ஓடும்படி வைத்துக்கொடுத்தேன். உதைத்தான், இழுத்தான், தோளில் தேய்த்தான், திரும்பினான், போனான். மறுபடியும் உதைத்தான்.

அப்போது பாலத்தில் பலகை தடதடத்தது. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தோம். டெல்ஃபி அத்தையின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. நாற்பது வருஷப் பழக்கம், உடம்பு பாதி எழுந்துவிட்டது. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து போய்ப் பானையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியது ராக்ஸி அத்தை. கலக்கிவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கார்க் கதவு சாத்துகிற சத்தமும் பாஞ்சோப் பெட்டி எதிலோ இடிக்கிற சத்தமும் கேட்டது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கக் கேட்டது: "மன்னிக்கணும், இதானே மான்ஃபர்ட் வீடு? படத்துல பீன்ஸ் கோக்கறவங்க, அவங்க நீங்களா?"

"நான் அவ தங்கச்சி" என்றாள் ராக்ஸி அத்தை. "உள்ள வாங்க, சாப்பிட உட்காருங்க. அவளை மட்டும் இப்பக் கூப்பிடாதீங்க. குழந்தையைப் பாத்துக்கிட்டிருக்கா."